மூன்று

டாக்டர் நான்கு என்றாள்.
"ஒரு நாளைக்கு நான்கு பூஸ். அதற்குமேல் ஒன்றுகூட வேண்டாம்."
வெள்ளை மாதத்தில் இரட்டைப்படையா,
பலகார அடுக்கைக்கூட ஒற்றைப்படையில்தானே வைப்போம் என்றேன்.
பேனாவைத் திறந்தாள்.
"அப்படியானால் மூன்று."
வாயைக் கொடுத்து ஒன்றை இழந்தேன்.

போன வருடம், பண்டிகையின் இரண்டாம் இரவு,
புதுப் பட்டு அங்கியோடு என்னை ஆம்புலன்சில் ஏற்றினார்கள்.
பித்தப்பையில் கல், கணையத்தில் தீ.
வார்டு முழுக்கப் பட்டுதான்,
நீலம், செம்பு நிறம், கிளிப்பச்சை.
ஒரு கல்யாணக் கூட்டமே
சாய்ந்து கிடப்பதுபோல் இருந்தது.
விருந்து மூன்று நாள்.
மருந்துக்கு இன்னும் கணக்கு முடியவில்லை.

இந்த வருடமும் கொத்தினோம், பிசைந்தோம், மடித்தோம்.
இறைச்சிக் கொழுக்கட்டை எண்ணூற்று இருபது.
உலான்பாதரின் பால்கனிக் குளிரில்
கூழாங்கல்லாய் இறுகி மூட்டையில் கிடந்தன.
தெமூலென் ஒன்றை எடுத்துச் சுவரில் தட்டிப் பார்த்தான்.
சுவர்தான் உதிர்ந்தது.

முதல் வீட்டில் ஒன்று.
இரண்டாம் வீட்டில் ஒரு குழந்தை வாந்தி எடுத்தது,
அந்தக் களேபரத்தில் கை நனைக்காமல் தப்பினேன்.
மூன்றாவதில் ஒன்று. நான்காவதில் ஒன்று.
கணக்கு முடிந்தது,
வீடுகள் முடியவில்லை.

ஐந்தாவது, அண்ணன் லக்வதோர்ஜ் வீடு.
அவர் முழங்கைகளைக் கீழிருந்து தாங்கி வணங்கினேன்.
மேசை நடுவே ஆட்டின் முழு முதுகு
கொழுத்த வாலோடு வீற்றிருந்தது.
அண்ணனுக்கு அடுத்த மரியாதை அதற்குத்தான்.

பழைய மல்யுத்தக்காரர்,
உபசாரத்தையும் பிடி போட்டுத்தான் செய்வார்.
"சாப்பிடு. இளைத்துப் போய்விட்டாயே."
பன்னிரண்டு கிலோ, அண்ணா,
பாடுபட்டு இளைத்தது.
சொல்லவில்லை. ஆவி பறக்கும் தட்டு
மூக்குக்கு நேரே வந்து நின்றுவிட்டது.

அதற்குச் சற்று முன்புதான்
அவருடைய மூக்குப்பொடிக் குப்பி கைமாறி வந்தது.
அதில் பொடி இல்லை. அவர் விட்டுப் பல வருடம்.
ஆனாலும் வலது உள்ளங்கையில் வாங்கி,
மூடியை மோந்து,
நல்ல கல் என்று சொல்லித் திருப்பிக் கொடுத்தேன்.
எல்லோரும் அப்படித்தான் செய்தார்கள்.
காலிக் குப்பி.
யாருக்கும் மனக்குறை இல்லை.

அப்புறம் என்ன?
பூஸை எடுத்தேன், வலது உள்ளங்கையில்.
மடிப்பின் துளையில் மூக்கை வைத்தேன்.
வெங்காயம், சீரகம், உருகும் கொழுப்பு,
கண்ணே ஒரு நொடி மூடிக்கொண்டது.
"மடிப்பு அழகு" என்றேன்.
தட்டிலேயே வைத்தேன்.

சுவர்க் கடிகாரம் எல்லோருக்கும் கேட்டது.

அண்ணி நன்சல்மா எழுந்து உள்ளே போனார்.
ஃபிரிட்ஜ் கதவு திறக்கும் சத்தம்.
ஒரு கிண்ணத்தோடு வந்தார்:
காரட், முட்டைக்கோஸ், ஊறிய வெள்ளரி.
பாதி ஏற்கெனவே காலி,
கரண்டி அதிலேயே நின்றது.
"இரண்டு வருடமாய்
சிங்க் பக்கத்தில் நின்றுகொண்டே தின்கிறேன்.
உட்கார்ந்துதான் பார்ப்போமே."

அண்ணன் கிண்ணத்தைப் பார்த்தார்.
அண்ணியைப் பார்த்தார்,
வெகுநேரம்.
பிறகு நான் மோந்து வைத்த பூஸை
ஒரே வாயில் போட்டுக்கொண்டார்,
யாராவது தின்றுதானே ஆகவேண்டும் என்பதுபோல.

நான்காம் நாள் டிராலிபஸ்ஸை எடுத்தேன்.
ஏறியவர்கள் பாதிப்பேர்
இடுப்புக் கச்சையைத் தளர்த்தியிருந்தார்கள்.
மேட்டில் வண்டி முனகியது.
ஒரு பெரியவர் ஏப்பம் விட்டு
என் முதுகிடம் மன்னிப்புக் கேட்டார்.
பிளாஸ்க்கில் உப்பில்லாத பால்தேநீர்,
ருசி சுமார்தான், பொய் சொல்வானேன்.

மணி பதினொன்று. நன்றாகப் பசித்தது.
இன்றைய மூன்றும்
அப்படியே இருந்தன.